நீல ஆறும் மஞ்சள் ஓடையும்: ஜயந்தியா மலையில் நிலக்கரி கெடுத்த தண்ணீர்

கௌகாத்தி வரை ரயில். அதற்கப்பால் ஷில்லாங், ஜோவாய் வழியாக லாரி அல்லது பஸ். மிசோரம், திரிபுரா மாநிலங்களுக்கும் அஸ்ஸாமின் பராக் பள்ளத்தாக்குக்கும் சரக்கு போகும் நெடுஞ்சாலை இதுதான். ஜோவாயைத் தாண்டி, க்லீரியாட், லும்ஷ்னாங் ஊர்களைக் கடந்து மலையிறங்கினால் சோனாப்பூர் வரும். அங்கே சாலையோரமாக லூக்கா என்ற ஆறு ஓடுகிறது.

மழைக்காலத்தில் அது எல்லா மலை ஆறுகளையும் போல ஓடும். மழை ஓய்ந்து குளிர்காலம் வந்ததும் நீலமாக மாறிவிடும். வானத்தின் நிழல் அல்ல. சலவைக்குப் போடும் நீலத்தை யாரோ மூட்டை மூட்டையாகக் கரைத்துவிட்டது போன்ற நீலம். 2007-ஆம் ஆண்டு முதல் இது நடந்து வருகிறது. முதலில் இதை வேடிக்கையாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் மீன்கள் செத்து மிதந்தபோது வேடிக்கை முடிந்துவிட்டது. ஆற்றில் மீன் பிடித்துக் குழம்பு வைத்த குடும்பங்கள் மீனுக்குக் கடைக்குப் போக வேண்டி வந்தது.

அதே மலையில், வேறு ஓடைகள் மஞ்சளாகவும் துருப்பிடித்த ஆரஞ்சு நிறமாகவும் ஓடுகின்றன. கல்லும் மணலும் கூட அந்த நிறத்தில் தோய்ந்து கிடக்கின்றன. மஞ்சளுக்கு மூலம் நிலக்கரிச் சுரங்கம் என்பதில் சந்தேகமில்லை. நீலத்துக்குக் காரணம் தேடிய மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சுரங்கத்தையே காட்டியது. அந்த வட்டாரத்து சிமெண்ட் ஆலைகளையும் சேர்த்துக் குற்றம் சொல்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

நிறத்தை விடப் பெரிய விஷயம், நிறம் இல்லாமல் பூமிக்கடியில் நடப்பது. அதுதான் அவ்வளவாக யாருக்கும் தெரியாதது.

புட்டுக் குழல் போன்ற மலை

மேகாலயாவின் தென்பகுதி மலைகள் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரமாக இருந்தவை. கடல் உள்ளே வந்தபோது சிப்பிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து சுண்ணாம்புக் கல் படிந்தது. கடல் பின்வாங்கியபோது மணலும் சதுப்பு நிலக் காடும் படிந்தன. அந்தக் காடே நிலக்கரியானது. இப்படி மாறி மாறிப் படிந்ததால், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப் பூவும் மாறி மாறி இருப்பது போல, மணற்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மணற்கல் அடுக்குக்குள் மெல்லிய நிலக்கரிப் படலம் இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சுமந்துகொண்டு இறங்கும்போது அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் வெடிப்பு குழாயாகும், குழாய் குகையாகும். குகையை காசி மொழியில் 'க்ரெம்' என்பார்கள். ஜயந்தியா மலையிலுள்ள 'க்ரெம் லியாட் ப்ரா' 30 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. இந்தியாவின் மிக நீளமான இயற்கைக் குகைகளில் ஒன்று.

சாதாரண மண்ணில் இறங்கும் தண்ணீர் மெல்ல ஊறி, வடிகட்டப்பட்டுக் கிணற்றுக்கு வரும். சுண்ணாம்புக் கல் மலையில் தண்ணீர் ஊறுவதில்லை, ஓடுகிறது. ஒரு பக்கம் குழியில் விழுந்த நீர் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மலையின் மறு பக்கம் ஊற்றாக வெளிவந்துவிடும். நடுவில் வடிகட்டி கிடையாது. ஒருவன் மலைக்கு மேல் கொட்டியதை இன்னொருவன் மலைக்குக் கீழ் குடிக்க வேண்டியதுதான்.

திராவகம் எங்கிருந்து வருகிறது?

ஜார்க்கண்டின் ஜாரியா போன்ற பழைய வயல்களின் நிலக்கரியில் கந்தகம் 100-க்கு 1 பங்குக்கும் குறைவு. மேகாலயா நிலக்கரியிலோ பல இடங்களில் 2 முதல் 7 பங்கு வரை இருக்கிறது. கடல் நீரின் கந்தக உப்பு பட்ட சதுப்பில் உண்டான கரி என்பதே காரணம். இந்தக் கந்தகத்தில் பெரும்பகுதி கரியோடு கரியாகக் கலந்தது. மீதி, இரும்போடு சேர்ந்து 'பைரைட்' என்ற கல்லாக இருக்கிறது. பொன் போல மினுமினுக்கும் கல் அது.

பைரைட் பூமிக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும் வரை சாது. சுரங்கம் தோண்டியதும் பிராணவாயுவும் தண்ணீரும் அதைத் தொடுகின்றன. அப்போது அது சிதைந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரும்புத் துரு. மற்றது கந்தகத் திராவகம். மோட்டார் பாட்டரிகளில் ஊற்றுகிறார்களே, அதே திராவகம்தான், நீர்த்த நிலையில். இந்த வேலையைத் துரிதப்படுத்த ஒரு வகை பாக்டீரியாவும் உண்டு. இரும்பையே உணவாகக் கொண்டு, திராவகத்திலேயே செழித்து வாழும் அந்தக் கிருமியை 1947-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுரங்க நீரில் கண்டுபிடித்தார்கள்.

கணக்குப் பார்த்தால் அதன் பலம் புரியும். 120 கிலோ பைரைட் முழுதாகச் சிதைந்தால் 196 கிலோ கந்தகத் திராவகம் உண்டாகும். கல்லை விடத் திராவகம் எடை கூடுதல். ஏனென்றால் காற்றும் தண்ணீரும் அதில் சேர்ந்துகொள்கின்றன.

நீரின் புளிப்பை விஞ்ஞானிகள் பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. ஓர் எண் குறைந்தால் புளிப்பு 10 மடங்கு கூடிவிட்டது என்று பொருள். குடிநீர் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஜயந்தியா மலைச் சுரங்கப் பகுதி நீரை அளந்தபோது, சில இடங்களில் 3-க்கும் கீழே காட்டியது. ஏறக்குறைய ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் புளிப்பு. 4-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் பிழைப்பதில்லை.

சுண்ணாம்பு செய்யும் உதவியும் உபத்திரவமும்

இங்கேதான் சுண்ணாம்புக் கல் குறுக்கே வருகிறது. வயிற்றில் அமிலம் மிகுந்தால் டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுப்பார். அப்படிப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் சரக்கேதான். 98 கிலோ கந்தகத் திராவகத்தை 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல் அடக்கிவிடும். சுரங்கத்தின் புளித்த நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் நுழைந்தால், பாறை கரைந்து அதன் புளிப்பைத் தின்றுவிடுகிறது. மறு பக்கம் வரும் ஊற்று நீர் பி.எச். 7-ஐ ஒட்டியே காட்டும். நாக்கில் புளிக்காது. கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கும்.

அப்படியானால் வியாதி தீர்ந்ததா? இல்லை. வியாதி உருமாறியிருக்கிறது.

புளிப்பு போன இடத்தில் கால்சியமும் கந்தக உப்பும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஜிப்சம். சிலேட்டில் எழுதும் சாக்குக்கட்டி, உடைந்த எலும்புக்குப் போடும் மாவுக் கட்டு ஆகியவற்றின் சரக்கு. ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் வரை அது கரைந்திருக்க முடியும்.

சுண்ணாம்பு மலையின் தண்ணீர் இயற்கையாகவே கொஞ்சம் கடினமானதுதான். ஆனால் அந்தக் கடினம் தற்காலிகமானது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். கந்தக உப்பால் வரும் கடினம் அப்படிப் போகாது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். சோப்பு நுரைக்காது, துணி அழுக்கு போகாது, பருப்பு வேகாது, அடுப்பு விறகு வீணாகும். கந்தக உப்பு அதிகமானால், அதிலும் மக்னீசியமும் சேர்ந்தால், பழக்கமில்லாதவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். குடிநீரில் கந்தக உப்பு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லையென்றால் 400 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நமது நாட்டின் விதி.

இந்தத் தொல்லையை ரயில்வேக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அறிவார்கள். நீராவி எஞ்சினின் கொதிகலத்துக்கு ஜிப்சம் கலந்த தண்ணீரை விட்டால் உள்ளே பாறை போலப் பொருக்கு கட்டும். சுத்தியலால் தட்டினாலும் எளிதில் பெயராது. நிலக்கரி வீணாகும்; குழாய் சூடேறிப் பழுதாகும். அதனால்தான் கெட்ட தண்ணீர் உள்ள இடங்களில் சோடா உப்புப் போட்டுத் தண்ணீரை மென்மையாக்கி எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். இரும்பு எஞ்சினுக்கு அவ்வளவு பார்த்தோம் என்றால் மனித வயிற்றுக்குப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புக் கல் எல்லா உலோகத்தையும் பிடித்து வைப்பதில்லை. இரும்பு சீக்கிரம் துருவாகப் படிந்துவிடும். அலுமினியம் சற்றுப் பின்னால் வெள்ளையாகப் பிரியும். மாங்கனீஸ் அவ்வளவு எளிதில் பிரியாது. தெளிந்த நீரோடு வெகுதூரம் போகும்.

லூக்காவின் நீலத்துக்குச் சொல்லப்படும் விளக்கமும் இதை ஒட்டியதே. சுரங்கப் பகுதியிலிருந்து வரும் லூனார் ஆறு புளித்த நீரைக் கொண்டுவந்து லூக்காவில் சேர்க்கிறது. லூக்கா சுண்ணாம்பு மலை நீர். இரண்டும் கலந்ததும் அலுமினியம் போன்றவை மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து மிதக்கின்றன. அவற்றில் வெயில் பட்டுச் சிதறும் ஒளி நீலமாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடுகிறது; குளிர்காலத்தில் ஆற்றில் நீர் குறைவதால் குட்டு வெளிப்படுகிறது.

மாத்திரைக்கு மேல் துரு

சுண்ணாம்பு எத்தனை காலம்தான் காப்பாற்றும்? பாறை மலையளவு இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் திராவகம் பாறையின் மேல் தோலைத்தான் தொடுகிறது. அந்தத் தோலின் மீது நாளடைவில் இரும்புத் துருவும் ஜிப்சமும் பூச்சுப் பூசியது போலப் படிந்துவிடுகின்றன. மாத்திரையை மெழுகில் தோய்த்து விழுங்கினால் எப்படி வேலை செய்யும்? அதே கதைதான். உள்ளே நல்ல சுண்ணாம்பு இருந்தும், புளித்த நீர் அதைத் தொடாமல் குகை வழியாக ஓடிவிடும். நேற்று வரை நன்றாக இருந்த ஊற்று இன்று புளித்து மஞ்சளாக வருவது இப்படித்தான் சாத்தியமாகிறது.

பூச்சு படியாத இடத்தில் வேறு ஆபத்து. மழை நீர் ஆயிரம் ஆண்டில் கரைக்கும் பாறையைத் திராவகம் வெகு சீக்கிரம் கரைத்துவிடும். குகைகள் அகலமாகின்றன, புதுக் குழாய்கள் திறக்கின்றன. கெட்ட நீர் முன்பு போகாத கிணற்றுக்கும் போகிறது. மேல் தரை உள்வாங்குவதும் உண்டு.

எலி வளையும் அந்நியத் தொழிலாளியும்

இந்த மலையில் நிலக்கரிப் படலம் மெல்லியது. பல இடங்களில் ஒரு மீட்டர் கூட இல்லை. அதனால் ஒரு குழியை நேர் கீழே தோண்டி, படலம் தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் 3, 4 அடி உயரத்துக்குச் சுரங்கம் குடைந்துகொண்டே போவார்கள். 'எலி வளைச் சுரங்கம்' என்று அதற்குப் பெயர். உள்ளே போகிறவர் தவழ்ந்து போய், குந்தியபடியே கொத்தி, தள்ளுவண்டியில் கரியை வெளியே கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள்: அஸ்ஸாமிலிருந்தும், நேபாளம் போன்ற அயல் நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

மேகாலயாவில் நிலம் பெரும்பாலும் தனியாருக்கும் குலத்துக்கும் சமூகத்துக்கும் சொந்தம். நிலத்துக்குச் சொந்தக்காரரே கரியும் எடுத்தார். 1973-ல் நாடெங்கும் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமானபோதும் இங்கே பழைய வழக்கமே தொடர்ந்தது. அதன் பின்னரே வியாபாரம் பெருகியது. கரியைக் கொண்டுபோக ரயில் கிடையாது. மேகாலயாவில் முதல் ரயில் நிலையமே 2014-ல்தான், அதுவும் மேற்கே காரோ மலைப் பக்கம் மெந்திப்பாதரில், திறக்கப்பட்டது. எனவே கரி எல்லாம் லாரிதான். சாலையோரம் குவித்த கரி மலைகளில் மழை பெய்யும். அங்கிருந்தும் திராவகம் வடியும்.

முதலில் வழக்குப் போட்டவர்கள் இந்த மலைக்காரர்கள் அல்ல. ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தவர்கள். அஸ்ஸாமின் திமா ஹசாவ் மாவட்ட திமாசா மாணவர் சங்கம், ஜயந்தியா மலைச் சுரங்கங்களின் புளித்த நீர் கோபிலி ஆற்றைக் கெடுக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கோபிலி நீர்மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களை அந்த நீர் பல ஆண்டுகளாக அரித்து வந்தது ஊரறிந்த விஷயம். 2019 அக்டோபரில் அந்த நிலையத்தின் ராட்சதக் குழாய் வெடித்து, உள்ளே வெள்ளம் புகுந்து, ஊழியர்கள் சிக்கிக்கொண்ட பரிதாபமும் நடந்தது.

2014 ஏப்ரல் 17-ஆம் தேதி எலி வளைச் சுரங்கத்துக்குத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடை இருந்தும் 2018 டிசம்பர் 13-ஆம் தேதி க்சான் என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் ஆற்று நீர் புகுந்து, குறைந்தது 15 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட், சட்டப்படி குத்தகையும் சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்ற சுரங்கங்களுக்கே இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த 100 கோடியைச் சீரமைப்பு வேலைக்குப் பயன்படுத்த வழி செய்தது.

மூடினாலும் முடியாது

சுரங்கத்தை மூடிவிட்டால் தண்ணீர் நல்லதாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஆள் வெளியேறினாலும் காற்று வெளியேறுவதில்லை. கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான குழிகளுக்குள் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இறங்கி, பைரைட்டைத் தொட்டு, திராவகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறது. பைரைட் தீரும் வரை இது ஓயாது. அதற்குப் பல பத்து ஆண்டுகளும் ஆகலாம்.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியின் அனுபவம் இதற்குச் சாட்சி. அங்கே நிலக்கரிக்கு மேலேயே சுண்ணாம்புக் கல் அடுக்கு. அதன் நீரை ஊர்கள் குடிக்கின்றன. சுரங்கங்கள் ஓடிய வரை பம்புகள் நீரை இறைத்துக் கொட்டின. 1993-ல் ஈசிங்டன் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் பாதாளத்தில் இரும்பும் உப்பும் கலந்த நீர் மெல்ல மெல்ல மேலேறத் தொடங்கியது. சுண்ணாம்பு அடுக்கைத் தொட்டால் குடிநீர் பாழ். அதைத் தடுக்க ஹார்டன், டாடன் என்ற இரண்டு இடங்களில் அரசு நிறுவனம் பம்பு வைத்து நீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. கரி எடுத்த லாபம் எப்போதோ செலவாகிவிட்டது. தண்ணீரைக் காக்கும் செலவு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஜயந்தியா மலையில் ஒரு பெரிய சுரங்கம் இருந்தால் ஒரு பம்பு வைக்கலாம். ஆயிரக்கணக்கான எலி வளைகளுக்கு எத்தனை பம்பு வைப்பது?

வழி இல்லாமல் இல்லை

மழை நீர் குழிக்குள் இறங்காமல் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவது முதல் வேலை. குழிகளைக் களிமண் இட்டு மூடுவது அடுத்தது. வெளிவரும் புளித்த நீரைச் சுண்ணாம்புக் கல் பரப்பிய வாய்க்காலில் ஓடவிட்டு, பின்பு கோரையும் நாணலும் வளர்ந்த குட்டையில் தேக்கி வைப்பது மூன்றாவது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைச் சுரங்கங்களில் இந்த முறை பல ஆண்டுகளாகக் கையாளப்படுகிறது. கல்லில் துரு படிந்தால் கிளறிவிட வேண்டும். கரைந்தால் புதுக் கல் போட வேண்டும். மருந்துக்கு ஜயந்தியா மலையில் பஞ்சமில்லை. காலடியிலேயே சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. கவனிக்கத்தான் ஆள் வேண்டும்.

ஊற்று நீரைப் பரிசோதிக்கும்போது பி.எச். மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் அதிகாரிகள் மனத்தில் கொள்ள வேண்டும். சுண்ணாம்பு மலையில் பி.எச். பொய் சொல்லும். கந்தக உப்பு, கடினம், மாங்கனீஸ் மூன்றையும் அளந்தால்தான் உண்மை தெரியும். மழைக்காலத்தில் ஒரு தடவை, குளிர்காலத்தில் ஒரு தடவை அளக்க வேண்டும்.

காசி மொழியில் தண்ணீருக்கு 'உம்' என்று பெயர். மேகாலயாவில் எத்தனையோ ஊர்ப் பெயர்கள், ஆற்றுப் பெயர்கள் 'உம்' என்றே ஆரம்பிக்கும். தண்ணீரை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்த ஜனங்கள் அவர்கள். கரி விற்ற பணத்தில் சிலர் மாடி வீடு கட்டினார்கள். சிலர் லாரி வாங்கினார்கள். குழிக்குள் தவழ்ந்தவர்கள் கூலியோடு ஊர் திரும்பினார்கள்; சிலர் திரும்பவேயில்லை. ஊற்றடியில் குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு மிஞ்சியது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

அடுத்த குளிர்காலத்திலும் சோனாப்பூர் பக்கம் போகும் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி நீல ஆற்றைப் பார்ப்பார்கள். அது அழகு அல்ல. கீழே மலைக்குள் நடக்கும் காரியத்தின் அறிவிப்பு என்று தெரிந்து பார்த்தால் நல்லது.